தட்டைத் திருப்பிப் பாருங்க... இத்தாலியின் 'மயோலிகா' வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

ஸ்காட்லாந்தில் ஒரு பழைய மாளிகை. அங்கிருந்த ஒரு இழுப்பறைக்குள் கிடந்தது ஓவியம் தீட்டிய ஒரு தட்டு. பைபிளில் வரும் சிம்சோன் – தெலீலாள் கதை அதில் வரையப்பட்டிருந்தது. 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் பவுண்டு வரை போகலாம் என்று ஏல நிறுவனம் கணித்தது. 2021-ல் ஏலம் விட்டபோது போனதோ 12 லட்சம் பவுண்டுக்கும் மேலே!

அது தங்கத் தட்டோ வெள்ளித் தட்டோ இல்லை. வெறும் சுட்ட மண். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பு இத்தாலியின் உர்பினோ நகரைச் சேர்ந்த நிக்கோலா என்ற ஓவியர் கைப்பட வரைந்தது என்பதால்தான் அந்த விலை.

இந்த வகை மண்பாண்டத்துக்குப் பெயர் மயோலிகா. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் இருக்கிற பொருள் இல்லை இது. இத்தாலியின் பல சிறு நகரங்களில் இன்றைக்கும் சூளை எரிகிறது, இன்றைக்கும் தூரிகை ஓடுகிறது. சுற்றுலா போகிறவர்கள் சுவரில் மாட்டும் தட்டு, பூச்சாடி, டைல் என்று வாங்கி வருகிறார்கள். ஆன்லைனிலும் கிடைக்கிறது. ஆனால், கையால் வரைந்ததும் மெஷினில் அச்சடித்ததும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சிலவற்றில் சாப்பிட்டால் உடம்புக்கே ஆபத்து. எதைப் பார்த்து வாங்குவது? விரிவாகப் பார்க்கலாம்.

மயோலிகா என்பது பீங்கானா, மண்ணா?

பார்த்தால் பீங்கான் மாதிரி இருக்கும். ஆனால் பீங்கான் இல்லை. பீங்கான் உடைந்தால் உள்ளேயும் வெள்ளையாக இருக்கும். மயோலிகா உடைந்தால் உள்ளே செங்கல் நிறத்திலோ மங்கிய மஞ்சள் நிறத்திலோ மண் தெரியும். அதாவது, மண்பாண்டம் ஒன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. அந்தச் சட்டைதான் இதன் ரகசியம்.

கண்ணாடி போல் உருகிப் படியும் மெருகுப் பூச்சில் வெள்ளீயத்தின் ஆக்சைடைக் கலந்தால், அந்தப் பூச்சு பால் போல வெளுத்துவிடும். மண்ணின் நிறம் அதற்குள் மறைந்துவிடும். வெள்ளைத் தாள் மாதிரி ஒரு பரப்பு கிடைக்கும். அதன் மேல் ஓவியம் வரையலாம்.

இந்த யோசனை இத்தாலியில் பிறந்தது இல்லை. சீனாவிலிருந்து வந்த வெள்ளைப் பாத்திரங்களைப் பார்த்துவிட்டு, 9-ம் நூற்றாண்டிலேயே ஈராக்கின் பாஸ்ரா பகுதிக் குயவர்கள் வெள்ளீயப் பூச்சைக் கையாண்டார்கள். அங்கிருந்து அரபு உலகம் வழியாக ஸ்பெயினுக்கும், பிறகு இத்தாலிக்கும் இந்தத் தொழில்நுட்பம் போய்ச் சேர்ந்தது. ஸ்பெயினின் மினுமினுக்கும் பாண்டங்கள் மயோர்கா தீவு வழியாகக் கப்பலில் வந்ததால், அந்தத் தீவின் பெயரே மயோலிகா என்று ஆனதாகப் பலரும் சொல்கிறார்கள். ஸ்பெயினின் மலாகா நகரின் பெயரிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு.

எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் களிமண்ணை வனைந்து, காயவைத்து, சுமார் 1,000 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். வெளியே வரும் பாண்டத்தை வெள்ளீயப் பூச்சுக் கரைசலில் முக்கி எடுத்தால், மேலே மாவு பூசினது போல ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். ஓவியர் வரைய வேண்டியது இந்த மாவுப் படலத்தின் மேல்தான்.

இங்கேதான் சிக்கலே. காய்ந்த படலம், தூரிகையில் இருக்கும் வண்ணத்தைத் தொட்ட மாத்திரத்தில் உறிஞ்சிவிடும். அழிக்க முடியாது. மேலே இன்னொரு வண்ணம் பூசி மறைக்கவும் வழியில்லை. கை ஒருமுறை நடுங்கினால் அந்த நடுக்கம் பாத்திரம் இருக்கும்வரை இருக்கும்.

நீலத்துக்கு கோபால்ட், பச்சைக்குத் தாமிரம், ஊதாவுக்கும் பழுப்புக்கும் மாங்கனீஸ், ஆரஞ்சுக்கு இரும்பு, மஞ்சளுக்கு ஈயமும் ஆன்டிமனியும். எல்லாமே உலோகத்திலிருந்து வரும் நிறங்கள். சூளைக்குள் போகும் முன் பல வண்ணங்கள் மங்கலாக, வேறு நிறமாகக் கூடத் தெரியும். 900 டிகிரியைத் தாண்டிய இரண்டாவது சூட்டில்தான் அவை கண்ணாடிப் பூச்சோடு உருகிக் கலந்து பளிச்சென்று வெளியே வரும். 500 ஆண்டுக்கு முந்தைய தட்டின் நீலம் நேற்று வரைந்தது போல இருக்கக் காரணம் இதுதான். நிறம் மேலே ஒட்டியிருக்கவில்லை, பூச்சுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரே டிசைனைப் பல தட்டுகளில் வரைய ஒரு பழைய உத்தி உண்டு. காகிதத்தில் கோட்டின் மேல் ஊசியால் வரிசையாகத் துளையிட்டு, தட்டின் மேல் வைத்து, கரித்தூள் மூட்டையால் தட்டுவார்கள். புள்ளிப் புள்ளியாகக் கோடு பதியும். அதைப் பிடித்து தூரிகையால் வரைவார்கள். சூளையில் கரி எரிந்து காணாமல் போய்விடும். ஆக, அளவு ஒன்றாக இருக்கும். ஆனால் தூரிகைக் கோடு தட்டுக்குத் தட்டு மாறும். வாங்குகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

இந்த முறைகளை 1550-களிலேயே சிப்ரியானோ பிக்கோல்பாஸோ என்பவர் படங்களோடு எழுதி வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எந்த ஊரில் என்ன ஸ்பெஷல்?

இத்தாலியில் மயோலிகா என்று பொதுவாகக் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஊருக்கு ஊர் கைவண்ணம் வேறு.

ஃபயென்சா: பிரெஞ்சு மொழியில் இந்த வகைப் பாண்டத்தையே 'ஃபயான்ஸ்' என்று சொல்லும் அளவுக்குப் புகழ்பெற்ற ஊர். இங்குள்ள சர்வதேச மட்பாண்ட அருங்காட்சியகம் 1908-ல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில், 1944-ல் குண்டுவீச்சுக்கு இரையாகி, பிறகு மீண்டும் எழுந்தது. 2023 மே மாத வெள்ளத்தில் ஊரின் பல பகுதிகள் மூழ்கின. அதிலிருந்தும் மீண்டது.

டெரூட்டா: உம்ப்ரியா மாநிலத்தில் இருக்கும் சின்ன ஊர். ஓவியர் ரஃபேல் பாணியில் வளைந்து நெளியும் கொடிகள், நடுவில் காற்றை ஊதும் டிராகன் என்று வரும் 'ரஃபாயெல்லெஸ்கோ' டிசைன் இங்கே பிரபலம். 16-ம் நூற்றாண்டில் இங்கே செய்த பெரிய தட்டுகள் சிலவற்றின் அடிவளையத்தில், கயிறு கோத்துச் சுவரில் மாட்டத் துளை இருக்கும். தட்டைச் சுவரில் மாட்டும் பழக்கம் இன்ஸ்டாகிராம் காலத்தது இல்லை!

வியட்ரி சுல் மாரே: அமால்ஃபி கடற்கரையில் இருக்கிறது. கடல் நீலம், எலுமிச்சை மஞ்சள், மீன், குட்டிக் கழுதை என்று விளையாட்டுத்தனமான ஓவியங்கள். 1920-களில் இங்கே வந்து தங்கிய ஜெர்மானியக் கலைஞர்களின் தாக்கம் இதில் உண்டு.

கால்டஜிரோனே: சிசிலித் தீவில் இருக்கிறது. 142 படிகள் கொண்ட சாந்தா மரியா தெல் மோந்தே படிக்கட்டில் ஒவ்வொரு படியின் முகப்பிலும் வண்ண டைல்கள் பதித்திருப்பார்கள். மனிதத் தலை வடிவப் பூச்சாடிகளும் சிசிலியின் அடையாளம். ஏமாற்றிய காதலனின் தலையை வெட்டி, அதில் துளசி வகைச் செடி வளர்த்த பெண்ணின் கதை அதன் பின்னால் சொல்லப்படுகிறது.

இவை தவிர ஓர்வியேட்டோவின் பச்சைச் சேவல், மொன்தெலூப்போவின் படைவீரர் ஓவியங்கள் என்று பட்டியல் நீளும்.

கையால் வரைந்ததா, அச்சடித்ததா... எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்பக்கம் மயக்கும், பின்பக்கம்தான் உண்மையைச் சொல்லும். கடையில் தட்டைக் கையில் எடுத்ததும் திருப்புங்கள்.

1. அடிவளையத்தைப் பாருங்கள். பூச்சு படாத இடத்தில் மண்ணின் நிறம் தெரிய வேண்டும். அடிப்பகுதி முழுக்கப் பூச்சு இருந்தால், சூளையில் முட்டுக்கொடுத்த இடத்தில் மூன்று சின்னத் தழும்புகள் இருக்கலாம். அது குறை இல்லை. சூளையில் நின்றதற்கான அடையாளம்.

2. எழுத்தைப் பாருங்கள். பட்டறையின் பெயர், ஊர்ப் பெயர், சில சமயம் ஓவியரின் கையொப்பம் தூரிகையால் எழுதிச் சுடப்பட்டிருக்கும். 'தீபின்தோ அ மானோ' என்றால் கையால் வரைந்தது. 'ஃபாத்தோ அ மானோ' என்றால் கையால் செய்தது. இரண்டும் ஒன்று இல்லை. அச்சில் வார்த்த தட்டின் மேல் கையால் வரைவதும் உண்டு. அது மோசடி இல்லை, ஆனால் சக்கரத்தில் வனைந்த தட்டின் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெறும் ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம், உரிக்கலாம்.

3. கோட்டைப் பாருங்கள். தூரிகைக் கோடு தொடங்கும் இடத்தில் ஒரு கனம், முடியும் இடத்தில் ஒரு கனம் இருக்கும். இரண்டு கோடுகள் குறுக்கே போகும் இடத்தில் நிறம் அடர்த்தியாகும். அச்சடித்ததில் இதெல்லாம் இருக்காது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், பத்திரிகைப் படத்தில் இருப்பது போல நுண்ணிய புள்ளிகள் தெரியலாம். மொபைல் கேமராவை ஜூம் செய்தும் பார்க்கலாம்.

4. ஜோடி போட்டுப் பாருங்கள். அதே டிசைனில் இன்னொரு தட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள. ஒரே இடத்தில், ஒரே மாதிரி பிசிறு இரண்டிலும் இருந்தால் அது மெஷின் வேலை. டிராகனின் கண் ஒன்றில் கொஞ்சம் தூக்கலாக, இன்னொன்றில் கொஞ்சம் தணிவாக இருந்தால், அங்கே ஒரு கை வேலை செய்திருக்கிறது. நீங்கள் காசு கொடுப்பது அந்த வித்தியாசத்துக்குத்தான்.

5. தட்டிப் பாருங்கள். சந்தையில் பானை வாங்கும்போது செய்வதுதான். விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினால் தெளிவான ஓசை வர வேண்டும். சொத்தையாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கலாம், அல்லது ஒட்டுப்போட்ட பொருளாக இருக்கலாம்.

ஆன்லைனில் வாங்குகிறீர்களா? பின்பக்கப் படம், அடிவளையத்தின் நெருக்கமான படம் இரண்டையும் கேளுங்கள். அனுப்பத் தயங்கும் விற்பனையாளரை விட்டுவிடுவது நல்லது.

மயோலிகா வேறு... மஜோலிகா வேறு!

ஆன்லைன் தேடலில் பலரும் தடுக்கி விழும் இடம் இது. 19-ம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் மின்டன் நிறுவனம், வண்ணப் பூச்சு பூசிய புடைப்பு வேலைப் பாண்டங்களை 'மஜோலிகா' என்ற பெயரில் விற்றது. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அவை பிரபலமாயின. இத்தாலியுடையதில் வெள்ளைப் பூச்சின் மேல் தூரிகை ஓவியம். இங்கிலாந்தினுடையதில் அச்சில் வந்த புடைப்பு உருவத்தின் மேல் நிறப்பூச்சு. செய்முறையே வேறு.

செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் மேடு பள்ளமாகப் பூ வேலையோடு பளபளக்கும் பழைய டைல்கள் இந்த இரண்டாவது வழியில் வந்தவை. ஜப்பானில் செய்து கப்பலில் வந்தவையும் அவற்றில் உண்டு. அவற்றையும் 'மஜோலிகா டைல்' என்றே விற்கிறார்கள். அவை அழகானவை, சேகரிக்கத் தகுந்தவை. ஆனால் இத்தாலிய மயோலிகா இல்லை. பெயரை மட்டும் பார்த்து இத்தாலிய விலை கொடுத்துவிடாதீர்கள்.

பழைய பொருள் என்று சொன்னால் நம்பலாமா?

'மறுமலர்ச்சிக் காலத்துத் தட்டு' என்று ஒருவர் நீட்டினால் உடனே பர்ஸைத் திறக்க வேண்டாம். 19-ம் நூற்றாண்டிலேயே பழைய டிசைன்களை அச்சு அசலாக மீண்டும் செய்த பட்டறைகள் இத்தாலியில் இருந்தன. ஃபுளோரன்ஸின் கான்டகல்லி பட்டறை அதில் பெயர் பெற்றது. சேவல்தான் அதன் முத்திரை. அவர்கள் முத்திரையோடுதான் செய்தார்கள். ஆகவே முத்திரை தேய்க்கப்பட்டது போலத் தெரிந்தால் உஷாராக வேண்டும். இன்று கான்டகல்லி பொருட்களையே தேடிச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள் என்பது தனிக்கதை.

கண்ணைப் பறிக்கும் சிவப்பு இருந்தாலும் சந்தேகப்படுங்கள். பழைய மயோலிகாவில் நல்ல சிவப்பு மிக அரிது. விளிம்பில் பூச்சு சிறிதும் பெயராமல், அடிவளையம் தேயாமல் புத்தம் புதிதாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தால், பின்னாளில் ஒட்டி வண்ணம் பூசிய இடங்கள் தனியாகத் தெரியும்.

சட்டமும் இருக்கிறது. 70 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கலைப்பொருளை இத்தாலியிலிருந்து வெளியே கொண்டுவர அரசு ஆவணம் வேண்டும். 13,500 யூரோவுக்குக் குறைவான மதிப்பு என்றால் நடைமுறை எளிது. ஆனால் ஆவணமே வேண்டாம் என்று இல்லை. 'பேப்பர் எதுவும் வேண்டாம், பையில் வெச்சு எடுத்துட்டுப் போங்க' என்று சொல்பவரிடம் வாங்கினால், விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

இதில் சாப்பிடலாமா?

ரொம்ப முக்கியமான கேள்வி. நம் ஊரில் 'ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே' என்று ஒரு சந்தேகம் வரும். ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. மயோலிகாவை வெளுக்கச் செய்வதும் அதே வெள்ளீயம்தான். அதில் பிரச்சினை இல்லை. பிரச்சினை, பூச்சு எளிதில் உருகுவதற்காகக் காலம் காலமாகச் சேர்க்கப்பட்ட காரீயம். பழைய மஞ்சள் நிறத்திலும் அது இருக்கிறது. காரீயம் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

புளிப்பான உணவு பட்டால் தரமில்லாத பூச்சிலிருந்து காரீயம் கரைந்து உணவில் இறங்கும். புளிக்குழம்பு, ரசம், தயிர், எலுமிச்சை ஊறுகாய்... நம் சாப்பாட்டில் பாதி புளிப்புதானே!

உணவுக்கான பாத்திரங்களில் எவ்வளவு ஈயம் கசியலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 1984-லேயே வரம்பு வைத்திருக்கிறது. கிண்ணம் போன்றவற்றில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி 24 மணி நேரம் வைத்துச் சோதிப்பார்கள். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இறங்கக் கூடாது. இன்று பல பட்டறைகள் ஈயமில்லாத பூச்சைப் பயன்படுத்துகின்றன. ஆகவே விதி எளிது:

• உணவுக்கு என்று பட்டறை எழுத்தில் உறுதி கொடுத்தால், அல்லது கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த குறியீடு இருந்தால் மட்டும் சாப்பாட்டுக்கு.
• பழையது, ஏலத்தில் எடுத்தது, யார் செய்தது என்று தெரியாதது என்றால் சுவருக்கும் ஷோகேஸுக்கும் மட்டும்.
• பூச்சில் வலைபோல் விரிசல் விட்டதில், விளிம்பு பெயர்ந்ததில் உணவு வேண்டாம்.
• மைக்ரோவேவ், அடுப்பு, பாத்திரம் கழுவும் மெஷின் எதிலும் வைக்காமல் கையால் கழுவுவதே பாதுகாப்பு.

இத்தாலியில் வாங்கினால் வரி திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள், ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் மதிப்புக் கூட்டு வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். 2024 பிப்ரவரிக்கு முன்பு இந்த வரம்பு 154.94 யூரோவாக இருந்தது. கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி படிவம் வாங்க வேண்டும். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும்போது சுங்கத்தில் பொருளைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். அதனால் அதை முன்கூட்டியே செக்-இன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி நிற்க வைத்து அடுக்குவது நல்லது. பெரிய சாடி என்றால் காப்பீட்டோடு கடையே அனுப்புமா என்று கேளுங்கள்.

சேகரிக்க ஆசை... எங்கே ஆரம்பிப்பது?

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் ஷோகேஸ் நிறையும், கண் பழகாது. ஒரு ஊர், அல்லது ஒரு வடிவம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டைல் மட்டும் என்று ஆரம்பித்தால் செலவும் குறைவு, எடுத்து வருவதும் எளிது. அந்தக் காலத்து மருந்துக் கடைகளில் இருந்த, இடை சிறுத்த 'அல்பரெல்லோ' ஜாடிகள் இன்னொரு வழி. அலமாரியில் நெருக்கமாக அடுக்கியிருந்தாலும் கை நுழைத்து எடுக்க வசதியாகத்தான் அந்த இடை.

செலவு அதிகம் வேண்டாம் என்பவர்களுக்கு 'புவோன் ரிகோர்தோ' தட்டுகள் இருக்கின்றன. 1964-ல் இத்தாலிய உணவகங்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது. உணவகத்தின் சிறப்பு உணவை ஆர்டர் செய்து சாப்பிடுபவருக்கு, அந்த உணவின் படம் கையால் வரைந்த தட்டு ஒன்றைப் பரிசாகக் கொடுப்பார்கள். வியட்ரியில் தயாராகும் இந்தத் தட்டுகளைத் தேடித் தேடிச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

முடிந்தால் கடையில் வாங்காமல் பட்டறைக்கே போங்கள். வரைபவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே போதும், போலி எது என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.

யாருக்கு என்ன லாபம்?

பாரம்பரிய மட்பாண்டத்தைக் காக்க இத்தாலி 1990-ல் தனிச் சட்டமே போட்டது. அங்கீகாரம் பெற்ற ஊர்களின் பட்டறைகள் அதற்கான முத்திரையைப் பயன்படுத்தலாம். இப்போது ஐரோப்பிய ஒன்றியமும் கைவினைப் பொருட்களுக்குப் புவிசார் குறியீடு கொடுக்கும் முறையை 2025 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

ஆனால் சட்டத்தால் மட்டும் சூளை எரியாது. நல்ல கோடு போடும் கை உருவாக ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். அச்சடித்த தட்டு அதே டிசைனில், அதில் ஒரு பங்கு விலையில் பக்கத்திலேயே கிடைத்தால், அந்தப் பயிற்சிக்கு இளைஞர்கள் ஏன் வரப்போகிறார்கள்? வாங்குபவருக்கு வித்தியாசம் தெரிந்தால்தான் வரைபவருக்குக் கூலி கிடைக்கும்.

ஆகவே, பத்து அச்சுத் தட்டுகளுக்குப் பதிலாக ஒரே ஒரு கைவேலைத் தட்டு வாங்கினாலும் போதும். வாங்கும் முன் மறக்காமல் திருப்பிப் பாருங்கள்!